ஓத அட்டவணையோடு கிளம்புங்கள்: ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் நியூக் கடற்கரைக்கு முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்து போகும் நம்மவர்கள் பெரும்பாலும் எடின்பரோ கோட்டை, லாக் நெஸ் ஏரி, ஸ்கை தீவு மூன்றையும் நாலைந்து நாளில் அடைக்கப் பார்த்து, பாதிப் பயணத்தை வண்டி ஜன்னல் வழியாகவே முடித்துவிடுகிறார்கள். எடின்பரோவிலிருந்து ஃபோர்த் முகத்துவாரத்தைத் தாண்டினால் வருவது ஃபைஃப் மாவட்டம். அதன் கிழக்கு மூலைக்குப் பெயர் ஈஸ்ட் நியூக். ஈலி, செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், கிரேல் என்று ஐந்து மீன்பிடி ஊர்கள் அங்கே கடலோரமாக வரிசையாக இருக்கின்றன. ஊர்களுக்குப் பின்னால் பார்லியும் உருளைக்கிழங்கும் விளையும் வயல்கள். ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் ஃபைஃபைப் பற்றி, பொன்கரை வைத்த பிச்சைக்காரன் போர்வை என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பொன்கரை இந்த ஊர்கள்தான்.

நான்கு நாள் கையில் இருந்தால் இந்தப் பகுதியை நிதானமாகப் பார்க்கலாம், கார்கூடத் தேவையில்லை. ஒரே நிபந்தனை, உங்கள் நாளைக் கடலுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

1. ஹோட்டலுக்கு முன் ஓத அட்டவணை

சென்னைக் கடற்கரையில் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதனால் அதை நாம் கவனிப்பதே இல்லை. ஃபைஃப் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் அந்த வித்தியாசம் 5 மீட்டரை நெருங்கும். காலையில் படகுகள் மிதந்துகொண்டிருந்த துறைமுகத்தில், மதியம் அதே படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். நீங்கள் நடந்து போன மணல் திரும்பி வரும்போது இருக்காது.

ஆன்ஸ்ட்ரதருக்கு அப்பால் கடலில் இருக்கும் பறவைத் தீவான மே தீவுக்குப் படகு எத்தனை மணிக்குக் கிளம்பும், கரைப் பாறைகளில் சங்கிலியைப் பிடித்துப் போகும் ஈலியின் சங்கிலிப் பாதையில் எப்போது இறங்கலாம், வடக்கே இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் வரை கரையோரமாக நடக்க முடியுமா என்பதையெல்லாம் ஓதம்தான் தீர்மானிக்கும். எனவே போகும் வாரத்தின் ஓத நேரங்களை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்ஸ்ட்ரதர் அல்லது லீத் துறைமுகத்தின் நேரம் பார்த்தால் போதும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். சில அட்டவணைகள் கோடையிலும் கிரீன்விச் நேரத்தில்தான் போடுவார்கள். அப்படியானால் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். சங்கிலிப் பாதையில் இந்த ஒரு மணி நேரம் உயிர் விஷயம்.

2. எந்த மாதம்

மே கடைசியிலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை. என்னைக் கேட்டால் ஜூன். சூரியன் நாலரை மணிக்கே உதித்து இரவு பத்து மணி சுமாருக்கு மறையும். அதனால் ஓதம் எந்த நேரத்தில் வற்றினாலும் வெளிச்சம் இருக்கும். மே தீவில் பஃபின் பறவைகளும் இருக்கும். ஆகஸ்ட் நடுவுக்குள் அவை கடலுக்குப் போய்விடும், அப்புறம் போய் ஏமாறாதீர்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் பிட்டன்வீமில் ஓவியத் திருவிழா நடக்கும். வீடுகளும் கொட்டகைகளுமே அப்போது கண்காட்சிக்கூடங்கள் ஆகிவிடும். அழகான விழா, ஆனால் அறை கிடைப்பது கஷ்டம். 2027 ஜூலையில் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓப்பன் கோல்ஃப் போட்டி நடக்கவிருக்கிறது. அந்த வாரம் பக்கத்து ஊர்களிலும் அறை வாடகை எகிறிவிடும், தவிர்த்துவிடுங்கள்.

டிசம்பரில் மதியம் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

ஜூலையிலும் பகல் வெப்பம் 18, 19 டிகிரிதான். காற்று வேறு. மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் ஒன்று போடுவதுதான் சரியான வழி. குடை இந்தக் காற்றில் நிற்காது. கால் வழுக்காத நடைக் காலணி அவசியம்.

3. விசாவும் பணமும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குப் பிரிட்டனின் சாதாரணப் பார்வையாளர் விசா வேண்டும். ஸ்காட்லாந்துக்கென்று தனி விசா கிடையாது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். கோடையில் இன்னும் கொஞ்சம் அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியா, கனடா, அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி முதல் ஈ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

பேருந்திலும் கடைகளிலும் கார்டைத் தட்டினாலே போதும். மீன் வறுவல் கடை, பண்ணையோரச் சிறு கடைகளுக்காகக் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மூன்று தட்டை முனை உள்ள பிளக் அடாப்டர் எடுத்துப் போக வேண்டும்.

4. போய்ச் சேரும் வழி

எடின்பரோ வேவர்லி நிலையத்தில் ரயில் ஏறுங்கள். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து பேருந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ். ரயில் பயணம் சுமார் ஒரு மணி நேரம். இன்னொன்று, லீவன் நிலையம். 1969-ல் பயணிகள் ரயில் நின்றுபோன இந்த ஊருக்கு 2024 ஜூன் மாதம் மறுபடி ரயில் வந்தது. கடலோர ஊர்களில் தங்குவதாக இருந்தால் லீவன் வழிதான் வசதி.

எந்த வழியானாலும் பெட்டியின் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். 1890-ல் திறந்த ஃபோர்த் ரயில் பாலத்தின் சிவப்பு எஃகுச் சட்டங்களுக்குள் ரயில் நுழைந்து வெளியே வரும். அதன்பின் பர்ன்டைலண்ட், கிங்ஹார்ன் வரை தண்டவாளம் கடலை ஒட்டியே போகும். இறங்கும் ஊர் வரும் முன்பே மனம் கடலுக்குப் பழகிவிடும்.

லீவனுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கும் இடையே, ஐந்து ஊர்களையும் தொட்டபடி, ஸ்டேஜ்கோச் நிறுவனத்தின் 95-ம் எண் பேருந்து ஓடுகிறது. இந்தப் பயணத்தின் முதுகெலும்பே அதுதான். ஒரு ஊரில் இறங்கி நடந்து, அடுத்த ஊரில் அதே பேருந்தைப் பிடித்துத் திரும்பலாம். நிறுத்தத்தில் நின்று கை காட்டினால்தான் நிற்கும். மாலைக்கு மேலும் ஞாயிறுகளிலும் வண்டிகள் குறைவு, கடைசி வண்டி நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள்.

கார் எடுக்கிறவர்களுக்கு: இந்திய உரிமத்திலேயே 12 மாதம் வரை ஓட்டலாம், நம்மைப் போல இடப்பக்கம்தான். மீன்பிடி ஊர்களுக்குள் துறைமுகத்துக்கு இறங்கும் சந்துகள் மிகக் குறுகல், காரை மேலேயே நிறுத்திவிட்டு நடந்து இறங்குங்கள். மது அருந்தி ஓட்டும் வரம்பு ஸ்காட்லாந்தில் இங்கிலாந்தைவிடக் கடுமை. ஒரு கோப்பைதானே என்று நினைக்க வேண்டாம்.

5. எங்கே தங்குவது

ஆன்ஸ்ட்ரதர். மே தீவுப் படகு இங்கிருந்துதான் கிளம்புகிறது, கிழக்கே கிரேலுக்கும் மேற்கே ஈலிக்கும் நடந்தே போகும் தூரம், கடைகளும் உண்டு. கிரேல் இன்னும் அழகு. ஆனால் மாலையில் சாப்பிட இடங்கள் குறைவு. செயின்ட் ஆண்ட்ரூஸில் எல்லா வசதியும் உண்டு, விலையும் கூட்டமும் அதற்கேற்ற மாதிரி.

குடும்பமாகப் போனால் ஹோட்டல் அறையைவிடச் சமையலறையோடு வாடகைக்குக் கிடைக்கும் மீனவர் குடில் நல்லது. கெட்டியான கல் சுவர், சிவப்பு ஓடு, படிப்படியாக ஏறும் முக்கோணச் சுவர் என்று வீடே ஒரு காட்சி. ஒரு காலத்தில் இந்த ஊர்களுக்கு ஹாலந்து, பெல்ஜியம் பக்கத்தோடு இருந்த வணிகத் தொடர்பின் அடையாளம் அந்த வளைந்த சிவப்பு ஓடுகள். அரிசி, பருப்பு வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம். மாலை எட்டு மணிக்குமேல் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள் என்பதால் இது பெரிய நிம்மதி. படிக்கட்டு செங்குத்தாக இருக்குமா என்று மட்டும் முன்பே கேளுங்கள், வயதானவர்கள் உடன் வந்தால் அவசியம் கேளுங்கள்.

6. மே தீவு

ஒரே ஒரு காரியத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஆன்ஸ்ட்ரதரிலிருந்து சுமார் 8 கி.மீ. தூரத்தில் இருக்கும் சின்னத் தீவு இது. நீளம் 2 கி.மீ.கூட இல்லை. தேசிய இயற்கைக் காப்பகம்; ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் பயணிகளை அனுமதிப்பார்கள். இலையுதிர் காலத்தில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் அங்கே குட்டி போடும், அப்போது தீவு அவற்றுக்கு மட்டும்.

படகு டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள், அதுவும் பயணத்தின் முதல் நாளுக்கே. கடல் கொந்தளித்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள். முதல் நாள் படகு ரத்தானாலும் அடுத்த நாளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கும். கிளம்பும் நேரம் ஓதத்தைப் பொறுத்துத் தினமும் மாறும். காலை ஒன்பதாகவும் இருக்கலாம், மதியம் ஒன்றாகவும் இருக்கலாம். போக வர, தீவில் இருக்க என்று மொத்தம் நாலைந்து மணி நேரம் ஒதுக்குங்கள். தீவில் கடை கிடையாது. தண்ணீர், சாப்பாடு எடுத்துப் போக வேண்டும். தலைசுற்றல் வருகிறவர்கள் கிளம்பும் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

தொப்பி கட்டாயம். ஆர்க்டிக் ஆலாக்கள் இறங்குதுறைப் பக்கத்திலேயே கூடு வைத்திருக்கும். குஞ்சுக்கு ஆபத்து என்று நினைத்து நேராகத் தலையில் கொத்தும். கையை வீசி விரட்டாதீர்கள், நிற்காமல் நடந்துவிடுங்கள்.

அப்புறம் பஃபின்கள். படத்தில் பார்த்து நினைத்ததைவிடச் சின்னப் பறவை, ஒரு முழம்கூட உயரம் வராது. ஆரஞ்சுக் கால், வண்ணப் பட்டை போட்ட அலகு, கவலை படிந்த மாதிரி ஒரு முகம். ஜூன், ஜூலையில் குஞ்சுக்கு இரை கொண்டுவரும் பறவையைக் கவனியுங்கள். வேகமாக இறக்கையடித்துக் கடலிலிருந்து வந்து, புல்லில் தொப்பென்று இறங்கும். அலகின் குறுக்கே வெள்ளி நூல்களாகக் குட்டி மீன்கள் இரண்டு பக்கமும் தொங்கும். இரண்டு மூன்று விநாடி சுற்றும் பார்த்துவிட்டு, அவ்வளவுதான், தரையில் உள்ள வளைக்குள் ஓடி மறைந்துவிடும். அந்த நேரத்தில் கடற்காகங்கள் மீனைப் பிடுங்கக் காத்திருக்கும். நாம் வளைக்கும் பறவைக்கும் நடுவில் நின்றால் அது இறங்காமல் வட்டமடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே குஞ்சு பட்டினி கிடக்கும். பாதையை விட்டு ஓர் அடிகூட வெளியே வைக்க வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுதான். புல்லுக்குக் கீழே முழுக்க வளைகள், மிதித்தால் இடிந்துவிடும். ஒரு நல்ல படத்துக்காக இதை மீறுவது எனக்குப் பொறுக்காது.

தீவின் நடுவில் 1636-ல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் மிச்சம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் முதல் கலங்கரை விளக்கம் அது. விளக்கு என்றால் கோபுர உச்சியில் இரும்புக் கூடையில் எரிந்த நிலக்கரி. அருகில் நிற்பது 1816-ல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டியது; பார்த்தால் சின்னக் கோட்டை என்றே தோன்றும்.

7. ஊர் ஊராக ஒரு நடை

ஃபைஃப் கடலோரப் பாதையின் மொத்த நீளம் 188 கி.மீ. அதில் ஈலியிலிருந்து ஆன்ஸ்ட்ரதர் வரை சுமார் 10 கி.மீ. நடந்தால் இந்தப் பகுதியின் சாரம் கிடைத்துவிடும். காலையில் பேருந்தில் ஈலி போய், அங்கிருந்து கிழக்கு நோக்கித் திரும்பி நடங்கள். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், அது முதுகில் இருப்பது நல்லது.

ஈலியைத் தாண்டியதும் கடல்முனையில் ஒரு கல் கோபுரம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேனட் ஆன்ஸ்ட்ரதர் என்ற சீமாட்டி கடலில் குளிக்கும்போது உடை மாற்றுவதற்காகக் கட்டியது. அவர் குளிக்க வரும்போது யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஊருக்குள் மணியடித்துக்கொண்டு ஓர் ஆள் போவானாம். சாளரங்கள் வழியே கடலைப் பார்க்க உள்ளே போகலாம்.

செயின்ட் மோனன்ஸுக்குள் நுழையும்போது முதலில் வருவது பதினான்காம் நூற்றாண்டுத் தேவாலயம். கடலுக்கு இதைவிட நெருக்கமாக ஒரு கோயிலைக் கட்ட முடியாது. உயர் ஓதத்தில் புயலும் சேர்ந்தால் அலை மதில் மேலேயே தெறிக்கும். உள்ளே கூரையிலிருந்து ஒரு பாய்மரக் கப்பலின் மாதிரி தொங்குகிறது. துறைமுகத்தில் பழைய ரப்பர் பூட்ஸுகளில் பூச்செடி வைத்திருப்பார்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஊரின் கிழக்கு எல்லையில் ஒரு காற்றாலை. வெயிலை நம்பி உப்பு விளைவிக்க முடியாத நாடு இது. அதனால் பதினெட்டாம் நூற்றாண்டில் காற்றாலையால் கடல்நீரை மேலேற்றி, நிலக்கரி எரித்துக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். அந்த உப்புக் கொட்டகைகளின் அடித்தளம் புல்லுக்கடியில் மேடாகத் தெரியும்.

பிட்டன்வீம் இன்றும் உழைக்கிற துறைமுகம். வலைக்குவியல், நண்டுக் கூடைகள், ஐஸ், டீசல் எல்லாம் கலந்த வாசனை. வேலை செய்கிறவர்களுக்கு வழி விட்டு நின்று பாருங்கள். இங்கே ஒரு கொடுமையும் நடந்தது. 1705 ஜனவரியில் ஜேனட் கார்ன்ஃபுட் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி ஒரு கும்பல் இந்தத் துறைமுகத்தில் வைத்துத்தான் கொன்றது. அழகை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்து போகக்கூடாது என்று நினைக்கிறேன்.

ஆன்ஸ்ட்ரதர் வந்ததும் ஸ்காட்டிஷ் மீன்வள அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். ஒரு காலத்தில் இந்த ஊர்களைப் பிழைக்க வைத்தது ஹெர்ரிங் மீன். கப்பல் கப்பலாகப் பிடித்து, பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு குடல் நீக்கி, உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்தார்கள். மீன் வருவது நின்றதும் வாழ்வும் மாறிப்போனது. அந்தப் பெண்களின் கத்தி, காலணி, புகைப்படம் எல்லாம் இங்கே இருக்கின்றன. 1902-ல் கட்டிய ரீப்பர் என்ற பாய்மர மீன்பிடிக் கப்பலும் இந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

இன்னொரு நாள் மிச்சம் இருந்தால் ஆன்ஸ்ட்ரதரிலிருந்து கிரேல் வரை நடக்கலாம், சுமார் ஆறரை கி.மீ. வழியில் கெய்ப்ளி குகைகள்; காற்றும் உப்பும் அரித்த மணற்கல், உள்ளே பழங்காலத் துறவிகள் செதுக்கிய சிலுவைகள். கிரேல் துறைமுகத்தில் கோடையில் ஒரு சின்னக் கொட்டகையில் அன்று பிடித்த நண்டையும் லாப்ஸ்டரையும் வேகவைத்துத் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு மதில் மேல் உட்காருங்கள். தேவாலய வாசலில் ஒரு நீலநிறப் பெரிய கல் இருக்கும். மே தீவிலிருந்து சாத்தான் தேவாலயத்தைக் குறிவைத்து எறிந்தது என்பது ஊர்க்கதை.

8. ஈலி சங்கிலிப் பாதை: துணிந்தவர்களுக்கு மட்டும்

ஈலிக்கு மேற்கே கின்கிரெய்க் முனையின் பாறைகளில் இரும்புச் சங்கிலிகள் பதித்திருக்கிறார்கள். சங்கிலியைப் பிடித்து ஏறியும் இறங்கியும் பக்கவாட்டில் நகர்ந்தும் குன்றின் அடிவாரத்தைச் சுற்றி வரலாம். எரிமலைப் பாறைத் தூண்கள் அருகில் நின்று பார்க்கக் கிடைக்கும். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் இறங்குங்கள். கடல்மட்டம் ஏறத் தொடங்கிவிட்டால் நடுவழியில் திரும்பவும் முடியாது, மேலே ஏறவும் முடியாது. தனியாகப் போகாதீர்கள், சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள், இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் விட்டுவிட்டுக் குன்றின் மேல் போகும் பாதையில் போங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால பீரங்கி மேடைகள் அங்கே இருக்கின்றன, காட்சியும் பிரமாதம். ஆபத்து என்றால் 999 அழைத்துக் கோஸ்ட்கார்டு வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

திரும்பி வரும்போது ஈலி கடற்கரையைப் பாருங்கள். கோடையில் சில ஞாயிறுகளில், கடல் வற்றிய ஈர மணலில் கிரிக்கெட் நடக்கும். கரையில் இருக்கும் ஷிப் இன் மதுக்கூடத்துக்குச் சொந்தமாகவே ஒரு அணி உண்டு. ஆட்ட நாட்களை முடிவு செய்வதும் ஓதம்தான்.

9. மூடுபனி வந்தால் வயல் பக்கம்

வெயிலடித்த காலையில் திடீரென்று கடலிலிருந்து ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து வரும், இருபதடி தள்ளி ஒன்றும் தெரியாது. உள்ளூரில் இதை ஹார் என்பார்கள். இளஞ்சூடான காற்று குளிர்ந்த வடகடல் மேல் வரும்போது உண்டாகும் மூடுபனி. கரையில் காத்திருந்து நாளை வீணாக்காதீர்கள். சில கி.மீ. உள்ளே போனால் பெரும்பாலும் வெயில் இருக்கும்.

பிட்டன்வீமுக்குப் பின்னால் கெல்லி கோட்டை; மதில் சூழ்ந்த தோட்டத்தில் பழைய வகை ரோஜாக்கள். கார் இருந்தால் ஃபாக்லண்ட் அரண்மனை வரை போகலாம். 1539-ல் ஐந்தாம் ஜேம்ஸ் கட்டிய டென்னிஸ் கூடத்தில் இன்றும் ஆடுகிறார்கள். மழையே பெய்தால், ஆன்ஸ்ட்ரதருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கும் நடுவே பனிப்போர்க்காலப் பாதாள அறைகள் இருக்கின்றன. வெளியே சாதாரணப் பண்ணை வீடு, உள்ளே 100 அடி ஆழத்தில் அணுப்போருக்கான கட்டுப்பாட்டு மையம். 1994-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

வயல்வெளியில் நடக்க 2003-ம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் உரிமை தருகிறது, தனியார் நிலமானாலும். அந்த உரிமை பொறுப்போடு வருவது. பயிர் நிற்கும் வயலில் ஓரமாகவே நடங்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுக்கூட்டத்தைச் சுற்றிப் போங்கள். உயரமான புல்லில் நடந்த நாளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கால்களைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

10. சாப்பாடு

மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சொர்க்கம். மீன் வறுவல் கடையில் ஹாடக் கேளுங்கள், ஸ்காட்லாந்தின் வழக்கம் அதுதான். புகையூட்டிய ஹாடக், உருளைக்கிழங்கு, பால் சேர்த்த கல்லன் ஸ்கிங்க் சூப் குளிருக்கு இதம். துறைமுகத்தில் சாப்பிடும்போது பொட்டலத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள், கடற்காகம் பறித்துவிடும்.

சைவர்கள், மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கவனம். பல கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலையே மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். பருப்பு சூப் சைவம் என்று தோன்றும், பன்றி எலும்புச் சாற்றில் செய்திருக்கலாம். கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். சைவ ஹாகிஸ் (ஆட்டின் உள்ளுறுப்புகளும் ஓட்ஸும் சேர்த்துச் செய்யும் ஸ்காட்லாந்து உணவின் சைவ வடிவம்), பண்ணைக் கடைகளின் பாலாடைக்கட்டி, ஓட்ஸ் பிஸ்கட், ஜூன் முதல் ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி எல்லாம் உண்டு. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

11. கடைசி நாள் செயின்ட் ஆண்ட்ரூஸ்

முடிந்தால் அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். உலகின் மிகப் பழைய கோல்ஃப் மைதானமான ஓல்டு கோர்ஸில் ஞாயிறன்று வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊரே நாயும் குழந்தைகளுமாக அங்கே உலாவும். நீங்களும் போய் மைதானத்துக்குள் இருக்கும் ஸ்வில்கன் கல்பாலத்தில் நிற்கலாம். பிறகு 1318-ல் மன்னர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணித்த பேராலயத்தின் இடிபாடுகள். பக்கத்துச் செயின்ட் ரூல் கோபுரம் 33 மீட்டர். ஏற அனுமதி இருக்கும் நாளானால் ஊரும் கடலும் மேலிருந்து தெரியும். 1413-ல் நிறுவிய பல்கலைக்கழகத்தின் வாசலில் இரண்டு எழுத்துகள் தரையில் பதித்திருக்கும். 1528-ல் எரித்துக் கொல்லப்பட்ட புராட்டஸ்டன்ட் போதகர் பேட்ரிக் ஹாமில்டனின் பெயரெழுத்துகள் அவை. மாணவர்கள் அவற்றை மிதிப்பதில்லை. நீங்களும் சுற்றிப் போங்கள்.

லூக்கர்ஸுக்குப் பேருந்து ஏறும் முன் பணப்பையைப் பாருங்கள். ஸ்காட்லாந்து வங்கிகள் தாங்களே அச்சிடும் பவுண்டு நோட்டுகள் சில்லறையாகச் சேர்ந்திருக்கும். பிரிட்டனுக்குள் அவை செல்லும், நம் ஊர் திரும்பியபின் மாற்றுவது சிரமம். அங்கேயே செலவழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வங்கியில் கொடுத்து இங்கிலாந்து வங்கி நோட்டாக மாற்றிக்கொண்டு ரயில் ஏறுங்கள்.